புது டிரைவர் நிஜமாகவே கூடுதல் தூரம் அடிக்குமா?

கோல்ஃப் ஆடத் தொடங்கி ஒரு வருடம் ஆனதும் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. கையில் இருப்பது யாரோ கொடுத்த பழைய டிரைவர், அதாவது பந்தை வெகுதூரம் அனுப்ப எடுக்கும் கோல்ஃப் மட்டை (கிளப்). கடைச் சுவரில் தொங்குவது இந்த வருடத்து மாடல். மாற்றினால் தூரம் கூடுமா?

பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பழசு என்றால் எந்த வருடத்துப் பழசு? 1990-இல் செய்த டிரைவரை மாற்றினால் முதல் நாளிலேயே வித்தியாசம் தெரியும். 2012-இல் செய்ததை மாற்றினால் பல பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஷாஃப்டாகவோ (கிளப்பின் தண்டு) லாஃப்டாகவோ (தலையின் சாய்வுக் கோணம்) இருக்கும். டிரைவர் வருடா வருடம் ஒரே சீராக முன்னேறிக்கொண்டே வந்த பொருள் கிடையாது. சில வருடங்கள் பாய்ந்தது, பிறகு விதி என்ற சுவரில் முட்டி நின்றது. அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் விளம்பரங்களில் எதை நம்பலாம், எதை விடலாம் என்பது தானாகப் பிடிபடும்.

முதலில் டிரைவரைச் சற்றுப் பிரித்துப் பார்த்துவிடுவோம். பையில் இருக்கும் கிளப்களிலேயே நீளமானது இதுதான். தலை, ஷாஃப்ட், கிரிப் என்று மூன்று பாகம். தலையில் பந்தைத் தொடும் பகுதி ஃபேஸ், மேல்பக்கம் கிரவுன், அடிப்பக்கம் சோல். ஷாஃப்ட் சொருகியிருக்கும் பக்கம் ஹீல், அதற்கு எதிர் முனை டோ. ஃபேஸ் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம்தான் லாஃப்ட். டிரைவரில் அது பெரும்பாலும் 8 முதல் 13 டிகிரிக்குள் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மரத் தலையும் சரி, இன்றைய கார்பன் தலையும் சரி, எடை சுமார் 200 கிராம்தான். மாறியது அளவும், அந்த 200 கிராமை எங்கெங்கே வைத்தார்கள் என்பதும் மட்டுமே. டிரைவரின் சரித்திரம் முழுக்க இந்த 200 கிராமைப் பங்கு பிரித்த கதைதான்.

மரத்திலிருந்து டைட்டானியம் வரை

1970-கள் வரை டிரைவர் தலை பெர்சிமன் என்ற மரக்கட்டையில் கடைந்தது. அதனால்தான் இன்றும் இந்த வகைக் கிளப்புக்கு 'வுட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1979-இல் டெய்லர்மேட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் உள்ளே வெற்றிடமாக ஒரு தலையை வார்த்தது. கட்டி மரத்தில் எடை நடுவில் திரண்டிருக்கும். கூடான எஃகில் எடை ஓரத்துச் சுவர்களுக்குப் போய்விடும். இதன் பலன் என்ன என்பதைக் கொஞ்ச நேரத்தில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

1991-இல் கேலவே நிறுவனம் விட்ட பிக் பெர்த்தா டிரைவரின் தலை 190 கன சென்டிமீட்டர். அன்றைக்கு அது பூதாகரமான அளவு. இன்று அதே அளவில் ஒரு கிளப்பைக் கண்டால் ஃபேர்வே வுட் (டிரைவரைவிடச் சின்னத் தலை உள்ள கிளப்) என்று நினைத்துவிடுவீர்கள். எஃகு கனமான உலோகம். தலையை இன்னும் பெரிதாக்கினால் சுவர் தாங்காத அளவுக்கு மெலிந்துவிடும். அந்த முட்டுக்கட்டையை டைட்டானியம் நீக்கியது. எஃகின் அடர்த்தியில் அதற்குப் பாதிக்குச் சற்று மேல்தான், வலுவோ குறைவில்லை. 1995-இல் வந்த கிரேட் பிக் பெர்த்தா சுமார் 250 கன சென்டிமீட்டர். பத்தே வருடத்துக்குள் தலைகள் 460-ஐத் தொட்டுவிட்டன.

டைட்டானியத்தில் தூரத்துக்கு நேரடியாக உதவும் குணம் ஒன்றும் உண்டு. ஃபேஸை மெல்லிசாகச் செய்யலாம்; பந்து படும்போது அது சற்று உள்ளே வளைந்து திரும்பும். பந்து அடிபடும்போது அமுங்குகிறது, அந்த அமுக்கத்தில் சக்தி வீணாகிறது. ஃபேஸும் சேர்ந்து வளைந்துகொடுத்தால் பந்து அந்த அளவு அமுங்க வேண்டியதில்லை, வீணாவதும் குறையும். டிராம்போலின் விளைவு என்று கோல்ஃப்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சுவர் எழுந்த வருடங்கள்

அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ, மற்ற நாடுகளுக்கான ஆர் அண்ட் ஏ என்ற இரண்டு அமைப்புகள்தான் கோல்ஃப் விதிகளை எழுதுகின்றன. ஃபேஸின் துள்ளலைக் கண்டு இவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1998-இல் யுஎஸ்ஜிஏ துள்ளலுக்கு வரம்பு வைத்தது. அதை அளக்கும் எண் சிஓஆர். பந்து வந்து மோதும் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தோடு திரும்புகிறது என்பதே அது. வரம்பு 0.830. ஆர் அண்ட் ஏ கொஞ்சம் தாமதித்தது. 2008 ஜனவரியிலிருந்து உலகம் முழுக்க ஒரே விதி.

இடையில் அளக்கும் முறையும் மாறியது. இப்போது ஒரு சிறிய எஃகுக் குண்டை ஊசல் போல ஆடவிட்டு ஃபேஸில் தட்டி, அது எத்தனை மைக்ரோ நொடி ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதிக நேரம் ஒட்டினால் துள்ளல் அதிகம் என்று அர்த்தம். 239, கூடவே 18 சலுகை, ஆக 257 மைக்ரோ நொடி வரை போகலாம். தலையின் கொள்ளளவுக்கு 2004-இலிருந்து 460 கன சென்டிமீட்டர் வரம்பு. தலை முறுக்கிக்கொள்வதை எதிர்க்கும் திறனுக்கு 2006-இலிருந்து 5900 கிராம் சதுர சென்டிமீட்டர் வரம்பு, சலுகை 100. நீளத்துக்கு 48 அங்குலம். 2022-இலிருந்து போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்ற கூடுதல் விதியும் வந்தது.

ஆக, 2000-களின் நடுப்பகுதியிலேயே நல்ல நிறுவனங்களின் டிரைவர்கள் துள்ளலில் உச்சவரம்பைத் தொட்டுவிட்டன. இந்த வருடத்து மாடலும் அதே வரம்புக்குள்தான் இருந்தாக வேண்டும். ஃபேஸின் நடுவில் சுத்தமாக அடிபட்ட பந்துக்கு 2007-இன் நல்ல டிரைவரும் இன்றைய டிரைவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தைத்தான் கொடுக்கும். வேறு வழியே இல்லை, சட்டம் அப்படி.

நடுவில் பட்டால்: ஒரு சின்னக் கணக்கு

கிளப் தலையின் வேகத்தை (1 + சிஓஆர்) ஆல் பெருக்கி, (1 + பந்தின் எடை ÷ தலையின் எடை) ஆல் வகுத்தால் பந்து வேகம் தோராயமாக வந்துவிடும். லாஃப்டால் வரும் சிறிய இழப்பை இங்கே கண்டுகொள்ளவில்லை. பந்து 45.9 கிராம், தலை 200 கிராம். வகுக்கும் எண் 1.23.

மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொழுதுபோக்காக ஆடும் ஆண்களில் பெரும்பாலோர் இதன் பக்கத்தில்தான் இருப்பார்கள். மரத் தலையின் சிஓஆரை 0.78 என்று வைத்தால் பந்து வேகம் 130 மைல். வரம்பைத் தொட்ட டைட்டானியத் தலையில் 0.83, பந்து வேகம் 134 மைல். வித்தியாசம் 4 மைலுக்குச் சற்றுக் குறைவு. பந்து வேகத்தில் 1 மைல் கூடினால் தூரம் ஏறக்குறைய 2 யார்டு கூடும். அப்படியானால் ஃபேஸின் துள்ளலால் மட்டும் கிடைத்தது 7 யார்டு. அவ்வளவுதான்! மரத்திலிருந்து டைட்டானியத்துக்கு வந்த அந்தப் பெரும் புரட்சியில், நடுவில் சரியாக அடிப்பவருக்கு ஃபேஸ் தந்த பங்கு இது.

மற்ற யார்டுகள் எங்கிருந்து வந்தன? ஷாஃப்டிலிருந்தும் பந்திலிருந்தும் வந்தன. பழைய எஃகு ஷாஃப்ட் 43 அங்குலம், 120 கிராமுக்கு மேல். இன்றைய கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட டிரைவர் 45.5 அங்குலம், ஷாஃப்டின் எடை 50 முதல் 65 கிராம். நீளம் அங்குலத்துக்குத் தோராயமாக 1 மைல் வேகத்தைக் கூட்டும். பந்தின் பங்கோ அதைவிடப் பெரிது. ரப்பர் நூல் சுற்றிய பழைய பந்து டிரைவரில் அதிகம் சுழன்று மேலே ஏறிக் காற்றிலேயே தொங்கும். டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 பந்து 2000-இன் கடைசியில் வந்தபின், திடமான உள்கரு கொண்ட பந்துகள் சில வருடங்களிலேயே அந்த வகையைத் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விரட்டிவிட்டன. பழைய படத்தில் ஒருவர் மர டிரைவரால் அடித்த தூரத்தையும் இன்றைய வீரர் அடிக்கும் தூரத்தையும் ஒப்பிட்டு 'எல்லாம் டிரைவரின் மகிமை' என்பது பந்துக்குச் செய்யும் அநியாயம்.

அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் டிரைவர் அடியின் சராசரித் தூரமும் இதே கதையைத்தான் சொல்கிறது. 1980-இல் சுமார் 257 யார்டு. 2003-இல் 286. 2023-இல் 300-ஐ ஒட்டி. முதல் 23 வருடத்தில் 29 யார்டு. அடுத்த 20 வருடத்தில் அதில் பாதி. அந்தப் பாதியிலும் உடற்பயிற்சியாலும் வேகமான ஸ்விங்காலும் வந்தது கணிசம்.

நடுவில் படாவிட்டால்

இங்கேதான் புது டிரைவர் தன் விலைக்கு ஓரளவு நியாயம் சொல்லும். நம்மில் பெரும்பாலோருக்கு பத்து அடியில் இரண்டு மூன்றுதான் நடுவில் படும். மற்றவை டோ பக்கமோ ஹீல் பக்கமோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போகும். தள்ளிப் பட்டால் தலை முறுக்கிக்கொள்ளும், பந்துக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பகுதி அந்த முறுக்கலில் போய்விடும். முறுக்கலை எதிர்க்கும் குணத்தைத்தான் எம்ஓஐ என்கிறார்கள். பள்ளி இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதுவே. அலகு கிராம் சதுர சென்டிமீட்டர். எடை நடுவில் குவிந்தால் எண் குறையும், ஓரங்களுக்குப் போனால் கூடும். மேலே சொன்ன 5900 வரம்பு இதற்குத்தான்.

பந்து 2 சென்டிமீட்டர் டோ பக்கம் தள்ளிப் பட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் தலையின் முழு 200 கிராமும் பந்துக்குப் பின்னால் நிற்காது. எம்ஓஐ 2000 உள்ள சிறிய பழைய தலையில் 143 கிராம்தான் நிற்கும். 4000 உள்ள 2000-களின் நடுப்பகுதித் தலையில் 167 கிராம். 5800 உள்ள இன்றைய தலையில் 176 கிராம். அதே 90 மைல் ஸ்விங்கில், மூன்றுக்கும் ஒரே சிஓஆர் என்று வைத்துப் பந்து வேகத்தைப் போட்டால் முறையே 125, 129, 130.5 மைல் வருகிறது.

இந்த மூன்று எண்களையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எம்ஓஐ 2000-இலிருந்து 4000-க்கு வந்தபோது 4 மைலுக்கு மேல் மிச்சம், அதாவது 9 யார்டு. 4000-இலிருந்து 5800-க்கு வந்தபோது மிச்சம் ஒன்றரை மைல், வெறும் 3 யார்டு. எம்ஓஐ ஏற ஏற ஒவ்வொரு நூறுக்கும் கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும். விளம்பரத்தில் எண் பெரிதாகப் பாயும்போது புல்லில் தூரம் அந்த அளவுக்குப் பாயாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் திசையை மறந்துவிடக் கூடாது. தலை குறைவாக முறுக்கினால் பந்து கிளம்பும் திசையும் குறைவாகவே மாறும். 3 யார்டு தூரத்தைவிட, மரங்களுக்குள் போக வேண்டிய பந்து ரஃப் எனும் நீளப் புல்லின் ஓரத்தில் நிற்பது பெரிய லாபம். துள்ளலிலும் ஒரு நன்மை உண்டு. ஃபேஸின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றி, ஓரத்தில் பட்டாலும் துள்ளல் அதிகம் சரியாதபடி செய்கிறார்கள். கணினியை விட்டு இந்தத் தடிமனைத் தீர்மானிப்பதுதான் கடந்த சில வருடங்களாக 'செயற்கை நுண்ணறிவு ஃபேஸ்' என்ற பெயரில் விற்பனையாவது. உச்சத்தை உயர்த்த விதி விடாது. ஓரத்தை உயர்த்தத் தடை இல்லை. நிறுவனங்களின் மூளையெல்லாம் இப்போது அங்கேதான் உழைக்கிறது.

2024-இல் '10 கே' என்ற பெயரோடு டிரைவர்கள் வந்தன. வரம்பு 5900 என்றால் 10,000 எப்படி வரும் என்று குழம்ப வேண்டாம். ஹீல்-டோ திசை முறுக்கலுக்கு ஒரு எண், மேல்-கீழ் திசைக்கு இன்னொரு எண். இரண்டையும் கூட்டினால் 10,000. விதி முதல் எண்ணுக்கு மட்டும்தான். பொய் இல்லை, கூட்டல்.

உயரமும் சுழற்சியும்

ஒரே பந்து வேகத்தில் இரண்டு பேர் அடித்தால் ஒரே தூரம் போய்விடாது. பந்து எந்தக் கோணத்தில் கிளம்புகிறது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று பின்சுழற்சியோடு போகிறது என்பவை மீதியைத் தீர்மானிக்கும். 90 மைல் வேகக்காரருக்கு 13 முதல் 15 டிகிரி ஏற்றமும் 2500 சுற்றை ஒட்டிய ஸ்பின்னும் நல்ல சேர்க்கை. அதே ஆள் 10 டிகிரியில் 3500 ஸ்பின்னோடு அடித்தால் 10 யார்டுக்கு மேலும் இழக்கலாம். மேலே கணக்குப் போட்டோமே, ஃபேஸின் துள்ளலால் கிடைத்த 7 யார்டு. அதைவிட இது பெரிது.

எடை மையம் தலையில் எங்கே இருக்கிறது என்பது இதில் விளையாடும். மையம் தாழ்வாகவும் பின்னாலும் இருந்தால் பந்து உயரக் கிளம்பும், எம்ஓஐயும் கூடும், ஆனால் ஸ்பின் சற்று ஏறும். முன்னால் கொண்டுவந்தால் ஸ்பின் இறங்கும், தப்பு அடிக்கு மன்னிப்பு குறையும். அதனால்தான் ஒவ்வொரு நிறுவனமும் ஒரே பெயரில் மூன்று நான்கு தலைகளை விடுகிறது. 'மேக்ஸ்' என்று இருப்பது பெரும்பாலும் பின்மையம். 'எல்எஸ்' என்று முடிவது குறை ஸ்பின். மெதுவாக வீசுபவர் கெத்துக்காக எல்எஸ் தலையை வாங்கினால் பந்து உயர ஏறாமலே விழுந்துவிடும். இது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு.

கிரவுனை டைட்டானியத்துக்குப் பதில் கார்பன் இழையில் செய்வது எதற்கு என்பதும் இப்போது விளங்கும். மேலே மிச்சமான கிராம்களைக் கீழேயும் பின்னாலும் கொண்டுபோய் வைக்கலாம். மறுபடியும் அதே 200 கிராம் பங்கீடுதான்.

பந்து ஃபேஸில் எந்த உயரத்தில் படுகிறது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. நடுவுக்குச் சற்று மேலே பட்டால் ஏற்றம் கூடி ஸ்பின் குறையும். கீழே பட்டால் நேர் எதிர். ஒரே டிரைவரில் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே பட்டதற்கே ஸ்பின் பல நூறு சுற்று எகிறும். 'பழைய டிரைவரில் பந்து மேலேயே போகுது' என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டீயின், அதாவது பந்தைத் தாங்கும் சிறு ஆணியின், உயரத்தை. 460 தலைக்கு, தலையைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி கிரவுனுக்கு மேலே தெரிய வேண்டும். அதே டீயில் பழைய சின்னத் தலையை வீசினால் பந்து ஃபேஸின் மேல் விளிம்பில் பட்டு வானத்துக்குப் போகும், கிரவுனில் வெள்ளைத் தழும்பும் விழும். பழசையும் புதுசையும் ஒரே டீ உயரத்தில் ஒப்பிடுபவர் ஒரு கிளப்புக்கு மட்டும் அநியாயம் செய்கிறார்.

அடித்து அடித்துத் தேய்ந்துவிடாதா?

குறைந்த தூர அடிக்கான வெட்ஜ் என்ற கிளப் தேயும். பள்ளங்களின் விளிம்பு மழுங்கினால் பந்து பிடிக்காது. டிரைவரில் அந்தப் பள்ளங்களுக்கு அவ்வளவு வேலையே இல்லை. ஃபேஸ் செத்துப்போகும் என்பதும் நம்பிக்கை மட்டுமே. நடப்பது தலைகீழ்: பல ஆயிரம் அடி வாங்கிய டைட்டானிய ஃபேஸ் மெல்லத் தளர்ந்து துள்ளல் கூடத்தான் செய்யும். 2019 ஓபன் சாம்பியன்ஷிப்புக்கு முன் நடந்த சோதனையில் அமெரிக்க வீரர் ஸாண்டர் ஷாஃப்லேயின் டிரைவர் வரம்பைத் தாண்டியிருந்ததாக வெளியேற்றப்பட்டது. அந்தத் தளர்ச்சியின் கடைசிப் படி விரிசல். சத்தம் திடீரென்று தகரத்தைத் தட்டியது போல மாறினால் ஃபேஸும் கிரவுனும் சேரும் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழைக் கோடு தட்டுப்படும். அதற்குப் பிறகு அந்தத் தலையால் பயன் இல்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டைட்டானியத் தலை 'டங்' என்று மணியடிக்கும், கார்பன் சேர்த்த தலை 'தப்' என்று அமுங்கும். மணியடித்தால் தூரம் போனதாகவும் அமுங்கினால் பலமாகப் பட்டதாகவும் மூளை கற்பனை செய்துகொள்ளும். எண்ணை மட்டும் நம்புங்கள்.

ஒப்பிடும்போது எங்கே ஏமாறுகிறோம்

கடையில் புது டிரைவரை அடித்துப் பார்த்து '15 யார்டு கூடிடுச்சு' என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 15-இல் தலையின் பங்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. பழைய டிரைவர் 44.5 அங்குலம், கடையில் கொடுத்தது 45.75, அதிலேயே வேகம் கூடிவிட்டது. பழையதன் லாஃப்ட் 9, புதியது 10.5, ஏற்றம் சரியாகிவிட்டது. பழைய கிரிப் வழுக்கும், புதியது ஒட்டும். பழையதை முதலில் உடம்பு சூடாகாமல் அடித்தார், புதியதைச் சூடான பிறகு. இத்தனையையும் சேர்த்துத் தலையின் கணக்கில் எழுதிவிட்டார். தலையில் பொறித்திருக்கும் லாஃப்டும் நிஜ லாஃப்டும் ஒன்றாகவே இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஒரு டிகிரி முன்பின் இருப்பது சகஜம்.

நேர்மையாகச் சோதிக்க அரை நாள் ஒதுக்க வேண்டும். டிராக்மேன், ஜிசிகுவாட் போன்ற லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகத்தையும் பறப்பையும் அளக்கும் கருவி) இருக்கும் இடத்துக்குப் போங்கள். நீங்கள் ஆடும் அதே பந்தில் பத்துப் பன்னிரண்டை எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் பயிற்சித் திடலின் பந்துகள் தேய்ந்தும் தூரம் குறைந்தும் இருக்கும். இரண்டு ஃபேஸிலும் பாத பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகப் பதியும். சில அடிக்கு ஒருமுறை துடைத்து மறுபடி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த வட்டம் எந்த அடி என்று தெரியாது. தடிமனாக அடித்தால் ஸ்பின் எண்ணும் கெடும்.

உடம்பு நன்றாகச் சூடான பிறகு பழையதில் 5, புதியதில் 5, மறுபடி புதியதில் 5, பழையதில் 5. சற்று ஓய்வெடுத்து இதையே இன்னொரு முறை. இப்படி மாற்றி மாற்றி அடித்தால்தான் களைப்பு இரண்டுக்கும் சமமாகப் பங்காகும். ஒவ்வொன்றிலும் 20 அடி சேரும். அப்பட்டமாகச் சறுக்கிய அடியை நீக்கலாம். நீக்கினால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் நீக்குங்கள்.

பார்க்க வேண்டியது சராசரி கேரி, அதாவது பந்து தரையைத் தொடும்வரை பறந்த தூரம். உருண்ட தூரத்தைச் சேர்த்தால் திரையில் இருக்கும் மென்பொருளின் ஊகமும் சேர்ந்துவிடும். மிகத் தூரமான ஒரே ஒரு அடியை வைத்து முடிவெடுக்கவே கூடாது, அது எந்த டிரைவரிலும் வரும். பிறகு இடம் வலமாக எத்தனை யார்டு சிதறியிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாகப் பந்து வேகத்தைத் தலை வேகத்தால் வகுத்த எண்: ஸ்மாஷ் ஃபேக்டர். நடுவில் பட்டால் 1.48 அல்லது 1.49 வரும், 1.50 உச்சம். திரை 1.54 காட்டினால் டிரைவர் அபூர்வமானது என்று மகிழாதீர்கள், கருவி தலை வேகத்தைத் தப்பாகப் படித்திருக்கிறது.

சராசரியில் 3 யார்டு வித்தியாசம் வந்தால் அது ஒன்றுமே இல்லை. நாளைக்கு வந்து அடித்தால் திசை மாறிவிடும். இரண்டு நாளிலும் 8 யார்டு, 10 யார்டு என்று ஒரே பக்கம் சாய்ந்தால் விஷயம் இருக்கிறது. அப்போதும் ஒரு வேலை பாக்கி: பழைய டிரைவரின் லாஃப்டை மாற்ற முடிந்தால் புதியதன் அளவுக்கு ஏற்றிவைத்து மறுபடி அடியுங்கள். 2009-ஐ ஒட்டி வந்த மாடல்களிலிருந்து ஷாஃப்ட் தலையில் சேரும் இடத்தில் சுழற்றும் அடாப்டர் வரத் தொடங்கியது. ஒன்றரை இரண்டு டிகிரி வரை லாஃப்ட் மாறும், கூடவே ஃபேஸ் பார்க்கும் திசையும் சற்று மாறும். வித்தியாசத்தில் பாதி இதிலேயே கரைந்துபோனால் ஆச்சரியப்பட வேண்டாம்.

யார் மாற்றலாம்

மரம், எஃகு, 400 கன சென்டிமீட்டருக்குக் கீழான முதல் தலைமுறை டைட்டானியம் வைத்திருப்பவர் தயங்கவே வேண்டாம். அவருக்கு இந்த வருடத்து மாடல்தான் வேண்டும் என்பதும் இல்லை. நான்கைந்து வருடம் பழைய பயன்படுத்திய டிரைவரே ஏறக்குறைய முழுப் பலனையும் தந்துவிடும். 2006-க்குப் பிந்தைய 460 தலை வைத்திருந்து, அது தன் வேகத்துக்கு ஒத்துவராத லாஃப்டிலோ மிக விறைப்பான ஷாஃப்டிலோ இருந்தால் முதலில் அளவு பார்க்கும் ஃபிட்டரிடம் போகலாம். ஷாஃப்டை மட்டும் மாற்றினாலும் போதும் என்று அவர் சொல்லக்கூடும். எட்டு வருடத்துக்குள் அளவெடுத்து வாங்கிய டிரைவர் என்றால் காசைப் பயிற்சியில் போடுவதே லாபம். ஸ்வீடனின் தொழில்முறை வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன், விரும்பிய கிளப்பை இலவசமாகப் பெறக்கூடிய நிலையில் இருந்தும், 2010-ஐ ஒட்டி வந்த ஒரு 3-வுட்டைப் பல வருடம் விடாமல் வைத்திருந்தார்.

பயன்படுத்தியதை வாங்கும்போது தலையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்றால் உள்ளே போட்ட பசை பெயர்ந்து உருண்டுகொண்டிருக்கிறது. ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒவ்வொரு ஸ்விங்கிலும் எரிச்சல். போட்டியில் ஆடுவதாக இருந்தால் தலை அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று மாடல் பெயரையும் லாஃப்டையும் வைத்துத் தேடுங்கள். துள்ளல் வரம்பு எல்லா நாட்டிலும் ஒன்றாகாத வருடங்களில் வந்த சில தலைகள் இன்று விதிக்கு வெளியே நிற்கின்றன. 1999-க்கு முன் செய்தவைக்குப் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. அடாப்டர் உள்ள தலை என்றால் சாவியும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் ஷாஃப்ட் அடாப்டர் இன்னொன்றின் தலையில் பொருந்தாது. திருகை முடுக்கும்போது சாவி 'டிக்' என்று சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் மரை தேயும், அதற்கு முன்பே விட்டால் ஒன்பதாவது குழியில் தலை ஆடத் தொடங்கும்.